மூத்திர மிஸ்

தோட்டத்தில் ஒருவருக்குப் பட்டப்பெயர் விழ மூன்று நாளாவது ஆகும். அவருக்கு அரை நாள்கூட ஆகவில்லை.

தொண்ணூற்றொன்பதாம் வருடம், ஒரு செவ்வாய்க்கிழமை. பதினொரு மணி போல, பெண்கள் வாளிகளோடு ரப்பர் பால் நிறுக்க வரிசையில் நிற்கும் நேரம். யட்டியாந்தோட்டை பஸ்ஸிலிருந்து இறங்கி, தோளில் ஒரு பை, கையில் குளிர் காக்கும் வெள்ளை ரெஜிபோம் பெட்டி, காலில் சாதாரண ரப்பர் செருப்போடு அவர் மேட்டில் ஏறி வந்தார். தலையில் வெள்ளைத் துணி. மணிக்கட்டில் ஆம்பிளை கட்டும் பெரிய கைக்கடிகாரம். வரிசைக்கு முன்னால் நின்று, தொண்டையைக்கூடச் செருமிக்கொள்ளாமல் சொன்னார்:

"நாளைக்கு விடிய எழும்பின ஒடனே போற மொத மூத்திரம், இந்தப் போத்தல்ல பாதி வேணும். யாருக்கும் காட்ட மாட்டேன். உங்கட எலும்பு எப்பிடி ஈக்கிண்டு பாக்கத்தான்."

வரிசையின் கடைசியிலிருந்து ஒருத்தி சிரிக்க, எல்லோரும் சிரித்தார்கள். மத்தியானச் சோற்றுக்குள், தொழிலாளர் வரிசை வீடுகளான லயம் முழுவதும் அவர் 'மூத்திர மிஸ்' ஆகிவிட்டார்.

நான் அந்தத் தோட்டத்தில் பிள்ளைக்காம்பராவுக்குப் பொறுப்பாக இருந்தேன். வேலைக்குப் போகும் தாய்மார் விட்டுப்போகும் பிள்ளைகளைச் சாயங்காலம்வரை பார்த்துக்கொள்வது என் வேலை. அவருக்கு உட்கார ஓர் இடமும், போத்தல்களை வைக்க ஒரு மேசையும் என்னிடம்தான் இருந்தன. அதனால் என்னிடம் வந்தார். அவர் தேநீர் குடித்துக்கொண்டிருக்கும்போதே பிள்ளை ஒன்று ஓடிவந்து, "டீச்சர், மூத்திர மிஸ் போயிட்டாங்களா?" என்று கேட்டது. எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

"பிழை ஒண்டும் இல்லயே டீச்சர்," என்றார் அவர். "அதுதானே எண்ட வேல."

அவர் யட்டியாந்தோட்டை பஜாரில் இரும்புக்கடை வைத்திருந்த முஸ்லிம் குடும்பத்துப் பெண். இரசாயனம் படித்து, வெளிநாட்டு ஆய்வுகூடம் ஒன்றில் பல வருடம் வேலை செய்து, திரும்பி வந்து கொழும்பில் பல்கலைக்கழகத்தில் படிப்பித்துக்கொண்டிருந்தார். இதெல்லாம் எனக்குத் துண்டு துண்டாகத்தான் தெரியும். தன்னைப் பற்றி அவர் பேசமாட்டார். கேட்டால், "அதுல என்னா ஈக்கி?" என்பார். 'இருக்கு' அவர் வாயில் 'ஈக்கி'. 'சொல்ல' என்பதை 'செல்ல' என்றும், 'முடியாது' என்பதை 'ஏலா' என்றும் சொல்வார். ஐந்து வருடத்தில் அவர் வாயிலிருந்து நான் அதிகம் கேட்ட வார்த்தைகள் அவை இரண்டும்தான்: "செல்ல ஏலா."

மழை வருமா மிஸ்? செல்ல ஏலா. இந்தப் பலா இனிக்குமா? வெட்டாம செல்ல ஏலா. கணக்கப்பிள்ளையின் மகள் ஓடிப்போய்விட்டாளாமே? "நீங்க பாத்தீங்களா, கேட்டீங்களா?" கேட்டதுதான் என்றால், தேநீர்க் கோப்பையை எடுத்துக்கொண்டு வேறு பக்கம் திரும்பிக்கொள்வார். அவரோடு வம்பு பேச முடியாது. ஆரம்பத்தில் அது எனக்குப் பெரிய குறையாக இருந்தது.

காவல்காரர் மாரிமுத்துவுக்கு ஓடையில் ஒரு நீலக்கல் கிடைத்தது. இரத்தினக்கல் விளையும் சப்ரகமுவ மண்ணில் பிறந்தவனுக்கு ஓடையில் நீலமாக எது மின்னினாலும் நெஞ்சு அடித்துக்கொள்ளும். பார்த்தவர்கள் எல்லோரும் நீல மாணிக்கக்கல்தான் என்று அடித்துச் சொன்னார்கள். மாரிமுத்து வீட்டுக்கு ஓடு போடுவதைப் பற்றியே பேச ஆரம்பித்துவிட்டார். மிஸ்ஸிடம் காட்டியபோது அவர் வெளிச்சத்தில் பிடித்துக்கூடப் பார்க்கவில்லை.

"நிறுக்காம செல்ல ஏலா," என்றார்.

மறுநாள் மாரிமுத்துவைக் கூட்டிக்கொண்டு பஜாரில் தட்டார் கடைக்குப் போனார். கல்லை நூலில் கட்டி வெறுமனே ஒரு முறை, தண்ணீருக்குள் தொங்கவிட்டு ஒரு முறை நிறுத்தார். திரும்பி வந்து, "நீலம் இல்ல. இதே அளவு நீலம்டா இத விடப் பாரமா ஈக்கோணும்," என்றார்.

"அப்ப என்னா கல்லு மிஸ்?" என்று மாரிமுத்து கேட்டார். குரல் இறங்கிப் போயிருந்தது.

"அது தெரியா. நீலம் இல்லண்டு மட்டும்தான் தெரியும்."

ஓர் ஆறுதல் வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. மாரிமுத்து ஒரு மாதம் அவரைக் கண்டால் வேறு பாதையில் போனார்.

அவருடைய ஆராய்ச்சியை எனக்கு விளங்கவைத்தது ஒரு மழை நாளில். ஸ்டோரிலிருந்து ஒரு துண்டு ரப்பர் ஷீட்டும், பழைய டயர்த் துண்டு ஒன்றும் கொண்டுவந்திருந்தார். ஷீட்டை அடுப்பின் பக்கத்தில் வைத்தார். அது இளகி, இழுத்த பக்கம் நீண்டு, திரும்பவில்லை. டயர்த் துண்டு அப்படியே இருந்தது.

"ரெண்டும் ஒரே பால்தான் டீச்சர். டயர்ல நூலுக்கு நூல் முடிச்சுப் போட்டு ஈக்கி. நம்மட தோல், எலும்பு, நரம்பு எல்லாத்துலயும் கொலாஜன்டு ஒரு நூல் ஈக்கி. அதுக்கும் முடிச்சு ஈக்கி. எலும்பு தேஞ்சா முடிச்சு அறுந்து மூத்திரத்துல போகும்."

அந்த முடிச்சு கண்ணுக்குத் தெரியாது. எந்தப் பூதக்கண்ணாடிக்கும் தெரியாது. அதனால் நிறுத்துப் பார்க்க வேண்டும். அதற்கு ஒரு இயந்திரம் இருக்கிறது என்றார். மூலக்கூறுக்கு மின்சாரம் ஏற்றி, காற்றே இல்லாத குழாய்க்குள் பறக்கவிட்டால், பறக்கும் விதத்தை வைத்து அதன் எடை தெரியுமாம். பிறகு அதையே உடைத்து, துண்டுகளையும் நிறுத்தால், எது எதோடு கட்டப்பட்டிருந்தது என்பதும் தெரிந்துவிடுமாம். அவர் முன்பு வேலை செய்த வெளிநாட்டு ஆய்வுகூடத்தில் அது இருந்தது. இங்கே சேர்க்கும் போத்தல்களை உறையவைத்து அங்கே அனுப்புவார். வெளிச்சம் பட்டால் முடிச்சு கெட்டுவிடும் என்று ஒவ்வொரு போத்தலையும் கறுப்புக் கடதாசியில் சுற்றுவார். பேர் எழுதமாட்டார், நம்பர் மட்டும். வருடக்கணக்காகப் பால் வெட்டி, நாலைந்து பிள்ளை பெற்ற பெண்களின் எலும்பு எவ்வளவு தேய்கிறது என்று பார்ப்பதுதான் அவர் நோக்கம். ஆனால் போத்தல் கொடுத்த பெண்களை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். அதில் நானும் ஒருத்தி.

செவ்வாய்தோறும் வந்துபோவார்; இப்படி ஒரு வருடம் போனது. பிறகுதான் தர்ஷினியின் விஷயம் வந்தது.

தர்ஷினி பரமேஸ்வரியின் மகள். பரமேஸ்வரி பால் வெட்டும் பெண். சொந்த அத்தை மகனைக் கட்டியவள். புருஷன் கொழும்பில் கடையில் வேலை. மாதத்துக்கு ஒரு முறை வருவான். வீட்டில் பரமேஸ்வரியும் பிள்ளையும் மாமியாரான அந்த அத்தையும்தான். பிள்ளை பிறந்தபோதே துணி போலத் துவண்டுதான் இருந்தது. நடக்க மூன்று வயதானது. முதுகு ஒரு பக்கமாக வளைந்திருந்தது. என்னிடம் வந்த நாளிலிருந்தே அதன் கையில், தொடையில் எங்காவது நீலம் கட்டியிருக்கும்.

ஒரு நாள் பிள்ளைக்காம்பராப் படியில் தர்ஷினி தடுக்கி விழுந்தாள். ஒரே ஒரு படி. மற்றப் பிள்ளை என்றால் தூசு தட்டிவிட்டு எழும்பியிருக்கும். இவளுக்கு முழங்கால் தோல் ஈரக் கடதாசி மாதிரிக் கிழிந்துவிட்டது. டவுன் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன். தையல் போட்ட டொக்டர், உடம்பெல்லாம் பழைய தழும்புகளையும் நீலங்களையும் பார்த்தார்.

"இதெல்லாம் எப்படி வந்தது?" என்று சிங்களத்தில் கேட்டார்.

"வீட்டிலிருந்து வரும்போதே இருக்கும். அடிக்கடி இப்படித்தான்," என்றேன் நான்.

பொய் இல்லை. பார்த்ததைத்தான் சொன்னேன். ஆனால் அந்த ஒரு பதில் போதுமாக இருந்தது. டொக்டரைக் குறை சொல்ல மாட்டேன். அந்த உடம்பைப் பார்த்து எந்த மனுஷனும் அப்படித்தான் நினைப்பான். பொலிஸ் வந்தது. கொன்ஸ்டபிள் ஒருவர் கட்டிலருகே குனிந்து, "அம்மா கஹனவாத துவே?" என்று, அம்மா அடிப்பாளா மகளே என்று, பாசமாகவே கேட்டார். சிங்களத்தில் யார் எது கேட்டாலும் தர்ஷினி தலையை ஆட்டுவாள். பிஸ்கட் வேண்டுமா என்றாலும் ஆட்டுவாள். அன்றும் ஆட்டினாள்.

பிள்ளையை அதன் பாட்டியான அந்த அத்தையின் பொறுப்பில் கொடுத்தார்கள். விசாரணை முடியும்வரை தாய் பிள்ளையோடு தனியாக இருக்கக் கூடாது, தூக்கக் கூடாது, குளிக்க வார்க்கக் கூடாது. லயத்தில் இரண்டு நாளில் தீர்ப்பு எழுதியாகிவிட்டது. "புருசன் மேல உள்ள கோவத்த புள்ள மேல காட்டியிருக்கா," என்றார்கள். பரமேஸ்வரி ஒருவரோடும் சண்டை போடவில்லை. வேலை முடிந்து வந்து, அவர்கள் குடியிருந்த காம்பராவின் வாசற்படியில் உட்கார்ந்து, உள்ளே அத்தையின் மடியில் இருக்கும் பிள்ளையைப் பார்த்துக்கொண்டிருப்பாள். "அம்மாகிட்ட வாறேன்," என்று அது அழுதால், எழுந்து குழாயடிக்குப் போய்விடுவாள்.

அடுத்த செவ்வாய் மிஸ் வந்ததும் நான் அவரை நேராகப் பாட்டியிடம் கூட்டிப்போனேன். அவர் தர்ஷினியின் பெருவிரலை மெல்ல மடக்கினார். அது மணிக்கட்டைத் தொட்டது. முழங்கை பின்பக்கமாக வளைந்தது. கன்னத்துத் தோலை இரண்டு விரலால் இழுத்து விட்டார். தழும்புகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். பரமேஸ்வரி வாசலில் நின்றுகொண்டிருந்தாள்.

"மிஸ், நீங்க படிச்சவங்க," என்றாள். "நான் அடிக்கலன்னு சொல்லுங்க மிஸ். நீங்க சொன்னா கேப்பாங்க."

அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். "இப்ப செல்ல ஏலா," என்றார்.

பரமேஸ்வரி தலையைக் குனிந்துகொண்டாள். எனக்கு வந்த கோபத்தை இன்று நினைத்தாலும் காது சுடுகிறது. வெளியே வந்ததும் கத்தினேன். "ஒரு வார்த்த மிஸ்! ஒரு வார்த்த சொன்னா கொறஞ்சா போயிருவீங்க?"

"போத்தல் தாங்க டீச்சர்," என்றார். "தர்ஷினிட ஒண்டு. அதே வயசுல இன்னும் ரெண்டு பிள்ளைட ஒண்டொண்டு. விடியச் சாமத்து மொத மூத்திரம்."

மூன்று போத்தல்கள். மூன்றிலும் நம்பர் மட்டும். அங்கே நிறுப்பவர்களுக்கு எது யாருடையது என்று தெரியக் கூடாது என்றார். பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறிப் போனார்.

காத்திருந்த நாட்களில் ஒன்று நடந்தது. ஒரு சாயங்காலம் பிள்ளைகளெல்லாம் போன பிறகு அத்தை என்னிடம் வந்தாள். மருமகளைப் பற்றி லயம் பேசியபோது வாய் திறக்காமல் இருந்தவள். முந்தானையைக் கையில் சுருட்டிக்கொண்டு நின்றாள்.

"டீச்சர், புள்ள முதுகுல புதுசா நீலம் கட்டியிருக்கு. நான் குளிக்க வாத்து, தொவட்டினேன். அவ்வளவுதான். சாமி சத்தியமா வேற ஒண்ணும் பண்ணல. இப்ப என்னையும் புடிச்சுக்குவாங்களா?"

சொல்லிவிட்டு அழுதாள். "என் அண்ணன் மக மேல நானே சந்தேகப்பட்டேன் டீச்சர்," என்றாள்.

அடுத்த முறை மிஸ் வந்ததும் ஓடிப்போய் இதைச் சொன்னேன். இது போதாதா? "அது சாட்சி," என்றார். "விசாரணையில அவங்களயே செல்லச் செல்லுங்க. ஆனா ஏன் நீலம் கட்டுதுண்டு அது செல்லாது."

முடிவு வந்தபோது அவர் செவ்வாய்க்கிழமைவரை பொறுக்கவில்லை, வெள்ளிக்கிழமையே வந்துவிட்டார். ஆனால் கையில் இன்னொரு போத்தல் இருந்தது. "தர்ஷினிட இன்னும் ஒண்டு வேணும்."

"ஏன்? ஒண்ணும் வரலியா?"

"வந்தீக்கி. போத்தல் மாறி ஈந்தா? ரெண்டாவது தடவயும் அப்பிடியே வந்தாத்தான் செல்லுவேன்."

நான் அன்று அவருக்குத் தேநீர் போட்டுக் கொடுக்கவில்லை. அவரும் கேட்கவில்லை. இரண்டாவது முடிவு விசாரணைக்கு முந்தின நாள்தான் வந்தது. அப்போதுதான் எனக்கு விளக்கினார். முடிச்சில் இரண்டு வகை. ஒன்று கொஞ்சம் பாரம், மற்றது அதைவிடப் பதினாறு குறைவு. பதினாறு என்பது ஒற்றை ஆக்சிஜன் அணுவின் எடை. ஆரோக்கியமான பிள்ளைக்குப் பார முடிச்சுத்தான் அதிகம், மற்றது கொஞ்சம். மற்ற இரண்டு போத்தல்களிலும் அப்படித்தான் இருந்தது. தர்ஷினியின் இரண்டு போத்தல்களிலும் அது தலைகீழாக இருந்தது.

"நூல்ல அந்த ஆக்சிஜன வைக்கிற ஒரு புரதம் ஈக்கி. இந்தப் பிள்ளைக்கு அது வேல செய்யுதில்ல. முடிச்சு பலமா விழாது. அதனாலதான் தோல் கிழியுது, முதுகு வளையுது, தொட்டா நீலம் கட்டுது. இந்தக் கொற தாய்ட்ட பாதி, தகப்பன்ட்ட பாதி வந்தது. சொந்தத்துல கட்டினா இப்பிடி ரெண்டு பாதியும் ஒண்டு சேரக் கூடும்."

விசாரணை ஒரு சிறிய அறையில் நடந்தது. பிள்ளைகளின் பாதுகாப்பைப் பார்க்கும் நன்னடத்தை உத்தியோகத்தர், பொலிஸ், அந்த டொக்டர், நாங்கள். மிஸ் சுத்தமான சிங்களத்தில் பேசினார். வரைபடத் தாள்களை மேசையில் விரித்து, இரண்டு முடிச்சுக்கும் உரிய கூம்புகளைக் காட்டி, எது உயரம், எது குட்டை, ஏன் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். டொக்டர் நாற்காலியை இழுத்துப்போட்டுக்கொண்டு முன்னால் வந்தார். தாளைக் கையில் வாங்கி, திரும்பத் திரும்பப் பார்த்தார். கடைசியில் உத்தியோகத்தர் நிம்மதியாகப் பேனாவை எடுத்துக்கொண்டு கேட்டார்: "அப்படியென்றால் தாய் அடிக்கவில்லை, அப்படித்தானே?"

"ஏக மட்ட கியன்ன பே," என்றார் மிஸ். அதை என்னால் சொல்ல முடியாது.

பரமேஸ்வரி நாற்காலியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"இந்தத் தோல் தூக்கினாலே நீலம் கட்டும், துவட்டினாலே நீலம் கட்டும். அது எனக்குத் தெரியும்," என்று சிங்களத்தில் தொடர்ந்தார். "அந்த வீட்டில் என்ன நடந்தது என்று நான் பார்க்கவில்லை. பார்த்தவர்கள் இங்கே இருக்கிறார்கள்."

அவர் என் பக்கம் திரும்பவில்லை. ஆனால் அந்த அறையில் அடுத்துப் பேச வேண்டியது யார் என்று எனக்குத் தெரிந்தது. எழுந்தேன். நீலத்தைப் பார்த்தேன், அடித்ததைப் பார்க்கவில்லை என்று சொன்னேன். இரண்டு வருடமாகத் தினமும் அந்தத் தாய் பிள்ளையை விட்டுப்போவதையும் கூட்டிப்போவதையும் பார்க்கிறேன், ஒரு நாளும் கையை ஓங்கிப் பார்த்ததில்லை என்றேன். ஆஸ்பத்திரியில் இதையும் சேர்த்துச் சொல்லியிருக்க வேண்டும், சொல்லாதது என் பிழை என்றேன். நான் உட்காரும் முன்பே அத்தை எழுந்துவிட்டாள். சிங்களமும் தமிழும் கலந்து, "மகே அத்தே தமாய் நில் உனே," என் கை பட்டுத்தான் நீலம் கட்டியது, என்று இரண்டு கையையும் நீட்டிக் காட்டினாள்.

உத்தியோகத்தர் எழுதிக் கையெழுத்துப் போட்டார். டொக்டர் வெளியே வந்து பரமேஸ்வரியிடம் மன்னிப்புக் கேட்டார். மிஸ்ஸின் தாள்களில் ஒரு பிரதி தனக்கு வேண்டும் என்றார்.

அதற்குப் பிறகு மிஸ்ஸுக்குப் போத்தல் பஞ்சம் வரவில்லை. மாரிமுத்துவின் மனைவி முதல் ஆளாக வந்தாள். பாதிப் போத்தல் போதும் என்றால் கேளாமல், விளிம்பு தட்டக் கொண்டுவந்து, "நல்லா நிறுத்துப் பாருங்க மிஸ்," என்றாள். ஐந்தாவது வருடம் ஆராய்ச்சி முடிந்து அவர் மறுபடி வெளிநாட்டுக்குப் போனார். கடிதம் போடும் பழக்கம் அவருக்கு இல்லை. தர்ஷினி முதுகுக்கு வார் கட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் போனாள். ஓட முடியாது, ஆனால் வகுப்பில் கணக்கில் அவளை முந்த ஆளில்லை என்று பரமேஸ்வரி கேட்பவர்களுக்கெல்லாம் சொல்வாள்.

விசாரணை முடிந்த அன்று பின்னேரம் நாங்கள் ஒரே பஸ்ஸில் தோட்டத்துக்கு வந்தோம். பரமேஸ்வரி பிள்ளையைத் தூக்கப் பயந்தாள். எங்கே பிடித்தாலும் நீலம் கட்டிவிடும் என்று கையைப் பின்னால் வைத்துக்கொண்டாள். மிஸ் அவள் கைகளைப் பிடித்து, விரல்களை விரித்துவிட்டார். "விரலால இறுக்கிப் பிடிக்காதீங்க. உள்ளங்கைய விரிச்சு, தட்டுல ஏந்துறமாதிரி. ஒரு கை முதுகுக்கு, ஒரு கை தொடைக்கு. ம், அப்பிடித்தான்."

பிறகு நான் அவரோடு பஸ் நிற்கும் இடம்வரை நடந்தேன். மனதில் அரித்துக்கொண்டிருந்ததைக் கேட்டுவிட்டேன்.

"மிஸ், மொத நாள் அந்தப் பெருவிரல மடக்கினப்பவே உங்களுக்குத் தெரியும்தானே?"

பெட்டியை மறு கைக்கு மாற்றிக்கொண்டார்.

"மனசுக்குத் தெரியும் டீச்சர். ஆனா அவ அடிச்சாண்டு லயத்துல எல்லாருக்கும் மனசுக்குத்தானே தெரிஞ்சீந்திச்சி."

பஸ் வந்தது. அவர் ஏறி, பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். நான் திரும்பி மேட்டில் ஏறினேன்.

வெளிச்சம் இன்னும் இருந்தது. வேலையிலிருந்து வந்தவர்கள் எல்லோரும் வாசலில் இருந்தார்கள். பரமேஸ்வரி பிள்ளையை விரித்த உள்ளங்கைகளில் ஏந்திக்கொண்டு, லயத்தின் முதல் காம்பராவிலிருந்து மெதுவாக நடந்து வந்துகொண்டிருந்தாள். யாரையும் பார்க்கவில்லை. கடைசிக் காம்பராவரை போனாள். அங்கே நின்று, பிள்ளையை மறு பக்கமாக மாற்றி ஏந்தி, வந்த வழியே மறுபடி முழுவதும் நடந்தாள்.